சிவப்புக் காரீயக் கல்லும் அதிலிருந்து பிறந்த மஞ்சளும்

குரோகோயிட் என்னும் கனிமத்தைப் படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் சிவப்புதான் நினைவில் நிற்கும். கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனமும் மறக்காது. தண்ணீரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், சிறு பாறைத் துண்டுதானே என்று அலட்சியமாக எடுக்கும் கை சற்றே தாழ்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலிருந்து வந்த ஒரு சிறு துண்டு என்னிடம் இருக்கிறது. இரும்புத் துரு ஏறிய பழுப்புப் பாறையின் மேல், தீக்குச்சியைவிட மெல்லிய நான்கு பட்டை ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒடிந்த ஓர் ஊசியின் முனையை உருப்பெருக்கியின் வழியே பார்த்தால், படிகம் விளிம்புகளில் விரைவாக வளர்ந்து நடுப்பகுதி நிரம்பாமலே நின்றுவிட்டதால் ஏற்பட்ட சதுரக் குழி தெளிவாகத் தெரியும். விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது அந்த ஊசிகள் உள்ளிருந்து எரிவது போன்ற செம்மஞ்சள் சிவப்பைக் காட்டும்.

ஆனால் உதிர்ந்த ஊசி ஒன்றை மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசினால், விழும் கோடு சிவப்பாக இருப்பதில்லை. ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கிறது. கனிமவியலார் இதைக் கீற்றுச் சோதனை என்பார்கள். தடித்த படிகத்துக்குள் ஒளி நெடுந்தொலைவு பயணம் செய்வதால் நீலமும் பச்சையும் மட்டுமின்றி மஞ்சளின் பெரும்பகுதியும் உறிஞ்சப்பட்டுச் சிவப்பு மட்டுமே மிஞ்சி வெளிவருகிறது. நுண்துகளிலோ ஒளி சிறிது தூரமே உள்ளே சென்று சிதறித் திரும்பிவிடுவதால் மஞ்சளும் தப்பி வந்துவிடுகிறது. கல்லாக இருக்கும்வரை சிவப்பு, அரைத்துப் பூசினால் மஞ்சள் என்பதே இந்தக் கனிமத்தின் இயல்பு. நிறமியாக இது அடைந்த வரலாறு முழுவதையும் தீர்மானித்தது இந்த இயல்புதான் என்பது என் எண்ணம்.

வேதியியல் பெயரால் சொன்னால் குரோகோயிட் என்பது காரீயக் குரோமேட். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்த ஒவ்வொருவரும் இதே சேர்மத்தைத் தம் கையால் செய்திருப்பார்கள். உப்புப் பகுப்பாய்வில் காரீயம் வந்ததாக ஐயம் எழுந்தால், உப்புக் கரைசலில் பொட்டாசியம் குரோமேட்டைச் சில சொட்டுகள் விடுவோம்; சோதனைக் குழாயில் மஞ்சள் வீழ்படிவு இறங்கும்; “காரீயம் உறுதி செய்யப்பட்டது” என்று பதிவேட்டில் எழுதுவோம். ஆய்வகத்தில் மாணவர்களுடன் நிற்கும் எனக்கு, அந்தச் சில நொடி வேலையை இயற்கை செய்து முடிக்க எத்தனை தற்செயல்கள் ஒன்றுகூட வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

காரீயம் பொதுவாகக் கலீனா என்ற சல்பைடு தாதுவாக, பாறை வெடிப்புகளில் சூடான நீர் படியவைத்த நீர்வெப்ப நரம்புகளில் உறைந்து கிடக்கும். குரோமியமோ புவியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பாறைகளில் குரோமைட் என்ற தாதுவாக ஒளிந்திருக்கும். இரண்டின் பிறப்பிடமும் வேறு. இவை அடுத்தடுத்து அமைந்து, மேலிருந்து இறங்கும் நீரும் காற்றும் கலீனாவைச் சிதைத்துக் காரீயத்தை விடுவித்து, குரோமியத்தையும் அதன் மிக உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலைக்குக் கொண்டுசென்று கரைத்தால்தான் இரண்டும் சந்தித்துக் குரோகோயிட் படியும். நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரயான் திட்டத்துக்காக நிலவு மண்ணை ஒத்த மண் தயாரிக்கப் பாறை கொடுத்த நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் குரோமைட் கரும்பட்டைகளாக இருக்கிறது. காரீயமும் துத்தநாகமும் கலந்த தாதுவோ பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்தும் ஒன்றையொன்று எட்டுவதற்கு வழியில்லை. உலகில் இவை நன்றாகச் சந்தித்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் டாஸ்மேனியாவின் டண்டாஸ் வட்டாரத்தில் உள்ள அடிலெய்டு சுரங்கம் இன்று பேர்பெற்றது. 2000-ஆம் ஆண்டு முதல் டாஸ்மேனிய மாநிலத்தின் கனிமச் சின்னமே குரோகோயிட்தான். வரலாற்றில் முந்திக்கொண்டது ரஷ்யாவின் யூரல் மலைத்தொடர்.

யெகாதெரின்பர்க் நகரத்துக்கு அருகில் உள்ள பெரியோசோவ்ஸ்கியில் 1745-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. தங்கத்துக்காகத் தோண்டிய அந்தக் குவார்ட்ஸ் நரம்புகளிலேயே இந்தச் சிவப்பு ஊசிகளும் வெளிப்பட்டன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் யோஹான் காட்லோப் லேமான், பிரெஞ்சு இயற்கை அறிஞர் பூஃபோனுக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக 1766-இல் இதை உலகுக்கு விவரித்தார். இதில் காரீயம் இருப்பதை அவர் கண்டுகொண்டார்; மற்றது என்னவென்று பிடிபடவில்லை. மறு ஆண்டே அவர் இறந்தும் போனார். 1770-இல் அந்தச் சுரங்கத்தைப் பார்வையிட்ட பீட்டர் சைமன் பல்லாஸ், ரசச் சிவப்பை ஒத்த நிறத்தில், கனமாக, பாதி ஒளி ஊடுருவும் தன்மையோடு, குவார்ட்ஸில் பதிந்த சிறு மாணிக்கங்கள் போல இந்தப் படிகங்கள் காணப்படுவதாக எழுதியதோடு, பொடித்தால் கிடைக்கும் அழகிய மஞ்சள் சிற்றோவியம் தீட்டுவதற்கு உதவும் என்றும் குறித்துவைத்தார். பயணம் செய்த ஓர் இயற்கை அறிஞரின் கண்ணில் இந்தக் கல் முதலிலேயே நிறமியாகப் பட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

“சைபீரியச் சிவப்புக் காரீயம்” என்ற பெயரில் இந்தப் பொடி ஐரோப்பிய ஓவியர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அதுவரை பளிச்சென்ற மஞ்சள் வேண்டுமென்றால் அரிதாரத்தையோ நேப்பிள்ஸ் மஞ்சளையோதான் நாட வேண்டியிருந்தது. அரிதாரம் ஆர்செனிக் நஞ்சு. மற்ற நிறமிகள் சிலவற்றோடு சேர்த்தால் கெட்டும் போகும். நேப்பிள்ஸ் மஞ்சளில் வெளிறிய சாயல் உண்டு. யூரல் கல்லின் மஞ்சளோ முழு வலிமையோடு, அடியில் உள்ளதை மறைக்கும் திறனோடு இருந்தது. குறை ஒன்றே ஒன்றுதான்: போதுமான அளவு கிடைக்கவில்லை. ஒற்றைச் சுரங்க வட்டாரத்தில், தங்கத்தோடு துணைக்கு வரும் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அரைத்தால் ஓவியர் ஒருவரின் சிறு கிண்ணத்தை நிரப்பலாம். ஒரு நகரத்தின் கதவுகளுக்குப் பூச முடியாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஓவியர் அல்லர், வேதியியலார். நார்மண்டியின் கிராமம் ஒன்றில் பிறந்து, ரூவான் நகரத்து மருந்துக் கடையில் எடுபிடி வேலை பார்த்து, பின்னர் வேதியியலார் ஃபூர்குருவாவிடம் உதவியாளராகச் சேர்ந்து உயர்ந்த லூயி நிக்கொலா வோக்கலான் அவர். 1789-இல் மக்கார் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த முதல் ஆய்வில், இக்கல்லில் காரீயம், இரும்பு, அலுமினா, ஆக்சிஜன் ஆகியன இருப்பதாக முடிவு கட்டப்பட்டது. அந்த முடிவில் நிறைவடையாத வோக்கலான் 1797-இல் அதே கல்லை மீண்டும் எடுத்தார். பொடித்த கல்லைப் பொட்டாசியம் கார்பனேட்டோடு சேர்த்துக் கொதிக்கவைத்தார். காரீயம் கார்பனேட்டாக அடியில் தங்கியது. மேலே மஞ்சள் கரைசல் நின்றது. அந்தக் கரைசலில் பாதரச உப்பைச் சேர்த்தபோது சிவப்பும், காரீய உப்பைச் சேர்த்தபோது மஞ்சளும் படிந்தன; வெள்ளீயக் குளோரைடு சேர்த்தபோது கரைசல் பச்சையாக மாறியது. அதுவரை எவரும் அறியாத ஒரு தனிமம் உள்ளே இருக்கிறது என்று அவர் துணிந்தார். பிறகு அதன் ஆக்சைடைக் கரியோடு சேர்த்து உலையில் வைத்துச் சாம்பல் நிற உலோக ஊசிகளையும் எடுத்துக் காட்டினார். இத்தனை நிறங்களைக் காட்டும் தனிமத்துக்கு, நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வைத்தார்கள். மரகதத்தின் பச்சைக்கும் இதே தனிமம்தான் காரணம் என்பதையும் அடுத்து வோக்கலானே கண்டறிந்தார்.

மேலே சொன்னவற்றுள் நிறமியின் பார்வையில் முதன்மையானது, மஞ்சள் கரைசலில் காரீய உப்பைச் சேர்த்தபோது மஞ்சள் படிந்தது என்பதுதான். யூரல் மலைக்குப் போகாமலே யூரல் கல்லின் பொடியை ஒரு பாத்திரத்தில் செய்துவிடலாம் என்பது அந்தக் கணத்தில் நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் குரோமியத்துக்கு இன்னும் அந்தக் கல்லையே நம்பியிருந்தால் பயனில்லை. சில ஆண்டுகளிலேயே பிரான்சின் வார் பகுதியில் குரோமைட் இருப்பது தெரியவந்தது. பின்னர் அமெரிக்காவின் மேரிலாண்டில், பால்டிமோருக்கு அருகில் பெரும் படிவுகள் வெளிப்பட, ஐசக் டைசன் அவற்றைத் தோண்டிப் பல பத்தாண்டுகள் உலகத் தேவையின் பெரும்பகுதியை நிறைவு செய்தார். குரோமைட்டைக் காரத்தோடு சேர்த்து வறுத்துக் குரோமேட்டாக்குவது, அதைக் காரீய நைட்ரேட்டோடு கலந்து மஞ்சளை வீழ்படிவாக்குவது என்ற வழி நிலைபெற்றதும், 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே “குரோம் மஞ்சள்” ஓவியரின் தட்டிலும் வண்டிப் பட்டறையிலும் ஒருசேர இடம்பிடித்தது. சல்பேட்டைச் சேர்த்து வீழ்படிவாக்கினால் எலுமிச்சை மஞ்சளும், காரத்தோடு சூடாக்கினால் ஆரஞ்சும், அதற்கும் மேலே சிவப்பும் ஒரே தொட்டியிலிருந்து கிடைத்தன. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளின் மஞ்சள் 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் வரையறுக்கப்பட்டபோது, அதன் அடிப்படையும் இந்தக் காரீயக் குரோமேட்டாகத்தான் இருந்தது.

இந்த மஞ்சளை மிகுந்த விருப்பத்தோடு பயன்படுத்திய ஓவியர் வின்சென்ட் வான்கோ. 1888-இல் ஆர்ல் நகரத்திலிருந்து தம்பி தியோவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் குரோம் மஞ்சள் குழாய்களை வகை எண்களோடு கேட்கிறார். புதிய நிறங்கள் நிலையற்றவை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. காலம் எப்படியும் அவற்றைத் தணித்துவிடும், ஆகவே தயங்காமல், தணிக்காமல் அப்படியே பூச வேண்டும் என்ற கருத்தை அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தீட்டத் தொடங்கிய சூரியகாந்தி ஓவியங்களில் மஞ்சளின் மேல் மஞ்சளாக இந்த நிறமி அடுக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் சில இடங்கள் இன்று பழுப்பாகத் தெரிகின்றன.

காரணத்தை விளக்கியது 2011-இல் லெட்டிசியா மோனிகோ, கூன் யான்சென்ஸ் ஆகிய வேதியியலாரின் குழு. அந்தக் காலத்து வண்ணக் குழாய்களில் எஞ்சியிருந்த பூச்சை எடுத்துப் புற ஊதா ஒளியில் வைத்து முதுமையடையச் செய்தார்கள். வான்கோ 1887-இல் வரைந்த சேன் ஆற்றங்கரைக் காட்சி, 1888-இல் வரைந்த ஆர்ல் நகரக் காட்சி ஆகிய இரண்டு ஓவியங்களிலிருந்து நுண்ணிய மாதிரிகளை எடுத்தார்கள். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஒத்தியங்கு முடுக்கி (சின்க்ரோட்ரான்) தரும் செறிந்த எக்ஸ்-கதிரால் அவற்றை ஆராய்ந்தார்கள். மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள படலத்தில், மஞ்சளுக்குக் காரணமான ஆறு இணைதிறக் குரோமியம் (மிக உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியம்), ஒளியின் தூண்டலால் மூன்று இணைதிறத்துக்கு ஒடுக்கமடைந்து பச்சை சார்ந்த சேர்மங்களாக மாறியிருந்தது. மஞ்சளின் மேல் அந்தப் படலமும் எண்ணெயின் முதுமையும் சேர்ந்து பழுப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

இதைத் தொடர்ந்து அதே குழுவினர் கண்டதுதான் என்னை இந்தக் கனிமத்தின் பக்கம் முழுமையாக இழுத்தது. எல்லாக் குரோம் மஞ்சளும் ஒன்றுபோல் கெடுவதில்லை. சல்பேட் மிகுதியாகச் சேர்த்துச் செய்த வெளிர் எலுமிச்சை வகை, செஞ்சாய்சதுரப் படிக அமைப்பில் உறைகிறது; அதுதான் ஒளியில் விரைவில் கறுக்கிறது. சல்பேட் கலவாத, ஆழ்ந்த மஞ்சள் வகை, ஒற்றைச்சரிவுப் படிக அமைப்பில் அமைகிறது. அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. அந்த ஒற்றைச்சரிவு அமைப்பு வேறெதுவும் அன்று. பெரியோசோவ்ஸ்கியின் குவார்ட்ஸில் லேமான் கண்ட கல்லின் அமைப்பேதான். விலையைக் குறைக்கவும் சாயலைப் பெருக்கவும் தொழிற்சாலை அந்த அமைப்பிலிருந்து விலகிய அளவுக்கு நிறம் நிலைகுலைந்திருக்கிறது. வான்கோவின் ஒரே ஓவியத்தில் ஒரு மஞ்சள் தங்க, அருகிலுள்ள இன்னொன்று மங்குவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் இதனாலேயே தன் அரங்கின் ஒளி அளவைக் குறைத்துக்கொண்டது. கல்லும் ஒளிக்கு முற்றிலும் அஞ்சாதது என்று சொல்லிவிட முடியாது: நெடுநாள் வெளிச்சத்தில் வைத்த குரோகோயிட் படிகங்கள் தம் பொலிவையும் ஒளி ஊடுருவும் தன்மையையும் இழக்கின்றன. என்னிடம் உள்ள துண்டும் மூடிய பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரீயமும் ஆறு இணைதிறக் குரோமியமும் தனித்தனியாகவே நஞ்சுகள். இங்கே இரண்டும் ஒரே சேர்மத்தில் கூடியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்துக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இந்த நிறமிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டின் விதி, 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. குரோமேட் தயாரிப்பு விட்டுச்செல்லும் கழிவு என்ன செய்யும் என்பதைப் பார்க்க நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் கழிவு குவிந்து, மழை பெய்யும்போதெல்லாம் நிலத்தடி நீரில் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் அந்த மஞ்சள் வீழ்படிவைத் தொட்டியில் கொட்டவிடாமல் தனிக் குடுவையில் சேர்க்கச் சொல்வதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் இந்த நிறமி செய்த தீங்குகளில் மனத்தை மிகவும் உறுத்துவது சுவரிலோ கித்தானிலோ நடந்தது அன்று, சமையலறையில் நடந்தது. மஞ்சள் கிழங்கின் நிறமும் காரீயக் குரோமேட்டின் நிறமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வங்கதேசத்தில் 1980-களில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின் கிழங்குகள் சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போக, மெருகு போடும் கட்டத்தில் இந்த மஞ்சள் பொடியைத் தூவிப் பளபளப்பாக்கும் வழக்கம் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் வழக்கம் நின்றுவிடவில்லை. கிராமப்புறக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் ஏன் இவ்வளவு மிகுந்திருக்கிறது என்று தேடிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் டாக்காவின் ஆய்வாளர்களும், காரீயத்தின் ஐசோடோப்பு (எடை வேறுபடும் அணுவகை) விகிதங்களை ஒப்பிட்டு, இரத்தத்தில் இருந்த காரீயம் மஞ்சளில் கலந்த நிறமியோடு பொருந்துவதை 2019-இல் வெளியிட்டார்கள். பொடியாக வாங்குவதைத் தவிர்த்து முழுக் கிழங்காக வாங்கினால் கலப்படத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நம் வீடுகளில் சொல்வோம். அங்கே கிழங்கின் மேலேயே பூசியிருந்தார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் மஞ்சளில் காரீயக் குரோமேட் அறவே இருக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

வங்கதேச அரசு அந்த ஆண்டே செயலில் இறங்கியது. எச்சரிக்கைச் சுவரொட்டிகள் சந்தைகளில் ஒட்டப்பட்டன. கையடக்க எக்ஸ்-கதிர் கருவியோடு அதிகாரிகள் மொத்த விற்பனைச் சந்தைக்குள் நுழைந்து, அங்கேயே கிழங்கைச் சோதித்து, கலப்படம் செய்திருந்த வணிகர்கள் இருவருக்கு நடமாடும் நீதிமன்றத்தின் வாயிலாகத் தண்டம் விதித்தார்கள். அது தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் வந்தது. சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் காரீயம் கண்டறியப்பட்டவை 2019-இல் 47 விழுக்காடாக இருந்து 2021-இல் பூச்சியமாகக் குறைந்தன. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தக் காரீய அளவும் ஏறத்தாழ 30 விழுக்காடு இறங்கியது.